முகம் பார்த்து மனம் படித்தல்: மனச்சோர்வும் உறவுப் பிணைப்பும்

மனநலப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காட்டாத வகையில் அதை இங்கே சொல்கிறோம். ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு தாய் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். உடன் வருபவர் அவருடைய மகள். நாங்கள் தாயிடம் பேசிக்கொண்டிருக்கையில் மகள் இருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாயின் முகம் வாடுகிறது. மகள் வெளியே சென்றதும் தாய் சொல்கிறார்: “பாத்தீங்களா டாக்டர், எப்படா கிளம்பலாம்னு இருக்கா. நான் அவளுக்குப் பாரமாப் போயிட்டேன்.” பிறகு மகளைத் தனியே கேட்டால் அவர் சொல்வது வேறு: “மருந்து கொடுக்குற கவுன்டர ஒரு மணிக்கு மூடிடுவாங்க டாக்டர். அம்மாவுக்கு மாத்திரை நின்னுடக் கூடாதேன்னுதான் மணியப் பார்த்தேன்.”

இந்தத் தாய் விவரம் அறியாதவர் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பம் நடத்தியவர். அண்டை வீட்டார் முகம் சற்று மாறினாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று மகளே சொல்கிறார். அத்தகையவருக்குத் தம் மகளின் முகம் மட்டும் ஏன் தவறாகப் புரிகிறது? அதைக் கேட்டு மனம் புண்படும் மகளும், ‘இவ்வளவு செய்தும் அம்மா இப்படி நினைக்கிறாரே’ என்று ஏன் மெல்ல விலகத் தொடங்குகிறார்? மனச்சோர்வு, உறவுப் பிணைப்பு, பிறர் மனத்தை உணரும் திறன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்பு கொண்டுள்ளன என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். நோயாளரும் உடனிருப்போரும் இதைப் புரிந்துகொண்ட வீடுகளில் தேவையற்ற காயங்கள் குறைவதை நாங்கள் பார்க்கிறோம்.

மனச்சோர்வு என்பது எது?

ஒரு நாள் வருத்தமும் ஓர் இழப்புக்குப் பின் வரும் துயரமும் மனச்சோர்வு நோய் ஆகிவிடா. குறைந்தது இரண்டு வாரங்களாக, நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்திருப்பதோ, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதோ இதன் அடிப்படை அறிகுறி. அதனுடன் உறக்கம், பசி, உடல் வலு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல், குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் போன்றவையும் சேர்ந்து வரலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். எனவே இது நம் தெருவிலும் நம் உறவிலும் உள்ள நோய்.

மேற்கண்ட அறிகுறிகள் பலருக்கும் தெரிந்தவை. உறவுகளை மனச்சோர்வு எவ்வாறு திரித்துக் காட்டுகிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதனை இனிக் காண்போம்.

குறிப்பறிதல் என்னும் திறன்

பிறர் மனத்தில் ஓடுவதை அவருடைய முகம், குரல், செயல் ஆகியவற்றைக் கொண்டு உணர்வதைத் தமிழில் குறிப்பறிதல் என்கிறோம். திருக்குறளில் இப்பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பொருட்பாலிலும் மற்றொன்று காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. அரசவையிலும் காதலிலும் இத்திறன் தேவை என்று நம் முன்னோர் கருதியிருக்கிறார்கள். இன்றைய உளவியல் இதனை மனமறிதிறன் என்று குறிப்பிட்டு விரிவாக ஆராய்கிறது.

இத்திறன் பிறக்கும்போதே முழுமையாக வருவதன்று. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்னும் இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு சிறு கதையை நடித்துக் காட்டினர். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் சிறுவன் சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்றிலிருந்து நான்கு வயதுள்ள குழந்தைகளில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த இடத்தையே காட்டினர். ஆறிலிருந்து ஒன்பது வயதுள்ளவர்களில் 86 விழுக்காட்டினர், சிறுவன் முதலில் வைத்த இடத்திலேயே தேடுவான் என்று சரியாகக் காட்டினர். ‘எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது, அவன் மனம் வேறு, என் மனம் வேறு’ என்னும் அறிவு இவ்வாறு படிப்படியாக வளர்கிறது.

இதிலிருந்து ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எவருடைய மனத்தையும் நாம் நேரே பார்ப்பதில்லை, ஊகிக்கிறோம். நன்றாகக் குறிப்பறிபவர் தம் ஊகம் தவறாகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்திருப்பார். மனச்சோர்வில் முதலில் மறந்துபோவது இந்த நினைவுதான். ஊகம் உறுதியாகிவிடுகிறது.

பிணைப்பு: சிறுவயதில் கற்கும் முதல் பாடம்

பிறர் மனத்தை ஊகிக்க நாம் எங்கே கற்கிறோம்? நம்மை வளர்த்தவர்களிடத்தில். குழந்தைக்கும் அதனை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் உறவுப் பிணைப்பை அறிவியல் முறையில் முதலில் விளக்கியவர் ஜான் பௌல்பி என்னும் பிரிட்டிஷ் மனநல மருத்துவர். அச்சம், நோய், தனிமை ஆகியவை நேரும்போது ஒரு குறிப்பிட்ட மனிதரை நாடி ஓடுவது, பசியைப் போலவே உயிரின் அடிப்படைத் தேவை என்பது அவர் கருத்து.

இந்த அறிவு வளர்ந்ததில் மருத்துவமனைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள்கள் மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952-இல் வெளியிட்டார். அக்காலத்தில் பெற்றோர் உடன் தங்க அனுமதியில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, பெற்றோர் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட அச்சிறுமியைப் பார்த்த பிறகுதான், அமைதியாக இருக்கும் குழந்தை நலமாக இருக்கிறது என்ற எண்ணம் அசையத் தொடங்கியது. 1959-இல் வந்த பிளாட் குழு அறிக்கை, குழந்தை நோயாளிகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கவும் தாய்மார் உடன் தங்கவும் வழி செய்யுமாறு பரிந்துரைத்தது. இன்று குழந்தைகள் வார்டில் தாய் உடன் படுத்திருப்பது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் இவ்வரலாறும் இருக்கிறது.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்னும் உளவியலாளர் 1950-களில் உகாண்டாவின் கிராமங்களிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் தாய்-சேய் உறவை நேரில் கவனித்தார். ஏறத்தாழ ஒரு வயதுள்ள குழந்தையைப் புதிய அறையில் சில நிமிடங்கள் விட்டுத் தாய் வெளியே சென்று திரும்பும்போது, குழந்தை என்ன செய்கிறது என்பதே அவருடைய முக்கியச் சோதனை. பிரியும்போது அழுவதைவிட, தாய் திரும்பி வரும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதமே அதிகம் சொல்லியது. அவர் மூன்று வகைகளைக் கண்டார். நான்காவது வகையைப் பிற்காலத்தில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் சேர்த்தனர்.

முதலாவது பாதுகாப்பான பிணைப்பு. தாயைக் கண்டதும் குழந்தை ஓடி வந்து ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாடப் போய்விடும். இரண்டாவது பதற்றப் பிணைப்பு. தாய் வந்த பிறகும் குழந்தை தேறாது. ஒட்டிக்கொள்ளும், அதே வேளையில் உதைக்கும். மூன்றாவது விலகல் பிணைப்பு. தாய் போனதும் வந்ததும் தெரியாதது போலக் குழந்தை பொம்மையோடு இருக்கும். ஆனால் அதன் இதயத் துடிப்பை அளந்தபோது உள்ளே பதற்றம் இருப்பது தெரிந்தது. நான்காவது குழப்பப் பிணைப்பு. நாடி வரும் குழந்தை பாதி வழியில் உறைந்து நிற்கும். ஆறுதல் தர வேண்டியவரே அச்சமும் தரும் சூழலில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

பெரியவர்களிடத்திலும் இவற்றின் சாயல்கள் உண்டு. ஆனால் இவை நோய்ப் பெயர்கள் ஆகா. மனிதர்களை அடைக்கும் பெட்டிகளும் ஆகா. நம் எல்லோரிடமும் இவை ஏற்றத்தாழ்வோடு கலந்திருக்கின்றன. ஒருவரிடம் ஒரு விதமாகவும் இன்னொருவரிடம் வேறு விதமாகவும் நாம் இருக்கக்கூடும்.

பிணைப்பும் மனமறிதிறனும் எங்கே இணைகின்றன? குழந்தை அழுகிறது. தாய், “பசிக்குதா கண்ணு? இல்ல, சத்தம் கேட்டு பயந்துட்டியா?” என்று கேட்கிறார். குழந்தையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் அக்கறையோடு ஊகிக்கும்போது, தனக்கு ஒரு மனம் இருக்கிறது என்றும் அது பிறரால் புரிந்துகொள்ளத்தக்கது என்றும் குழந்தை கற்கிறது. பீட்டர் ஃபோனகியும் அவருடைய குழுவினரும் லண்டனில் முதற்குழந்தையைச் சுமந்திருந்த பெண்களிடம் அவர்களுடைய சிறுவயது உறவுகளைப் பற்றிக் கேட்டறிந்து, குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது பிணைப்பைச் சோதித்தனர். 1991-இல் வெளியான அந்த ஆய்வில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு, தாயின் பதில்கள் குழந்தையின் பிணைப்போடு பொருந்தின. இளமையில் துன்பமே படாத தாய் என்பது இதற்குத் தேவைப்படவில்லை. பட்ட துன்பத்தைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்க முடிந்த தாயும் பாதுகாப்பான பிணைப்பைத் தர முடிந்தது.

மனச்சோர்வு வந்தால் என்ன ஆகிறது?

பிறர் மனத்தை ஊகிக்க உழைப்பு வேண்டும். கவனம் வேண்டும், நினைவு வேண்டும், ஒரு செயலுக்குப் பல காரணங்களை எண்ணிப்பார்க்கும் பொறுமை வேண்டும். மனச்சோர்வு இவை அனைத்தையும் குறைத்துவிடுகிறது. மேலும், எந்த உணர்வையும் காட்டாத முகத்தைக்கூடச் சோகமாகவோ வெறுப்பாகவோ காணும் சாய்வை அது உண்டாக்குகிறது. எண்ணங்கள் தன்னையே சுற்றிச் சுற்றி வருவதால் எதிரிலிருப்பவரைக் காண இடமில்லாமல் போகிறது.

இதனை அளக்கும் சோதனைகளுள் ஒன்று, கண்கள் மட்டும் தெரியும் 36 படங்களைக் காட்டி, அம்மனிதர் என்ன உணர்கிறார் என்பதை நான்கு சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது. கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் இதைக் கொண்டு இரண்டு முடிவுகளை வெளியிட்டனர். மனச்சோர்வு நோய் உள்ள பெண்கள், நோயில்லாதவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் இக்குறை மிகுதி. ஆனால் நோய் என்று சொல்ல முடியாத அளவு மனம் தளர்ந்திருந்த மாணவர்கள் மற்றவர்களைவிடத் துல்லியமாகச் சொன்னார்கள். இலேசான சோர்வில் மனிதர் பிறர் முகத்தைக் கூர்ந்து கவனிக்கிறார் என்றும், நோய் முற்றியபின் அக்கவனம் தளர்ந்துவிடுகிறது என்றும் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இங்கேதான் பிணைப்பு முறை வந்து சேர்கிறது. நோய் ஒன்றாக இருந்தாலும் உறவைத் தவறாகப் படிக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பதற்றப் பிணைப்பின் சாயல் மிகுந்தவர் அளவுக்கு மீறிப் படிக்கிறார். தாமதமான ஒரு தொலைபேசி அழைப்பு, பெருமூச்சு, கடிகாரத்தைப் பார்த்த பார்வை ஆகிய யாவும் ‘என்னை விட்டுவிடப் போகிறார்கள்’ என்ற ஒரே பொருளைத் தருகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி இந்நிலையைச் சரியாகச் சொல்கிறது. நாம் முதலில் கண்ட தாய் இத்தகையவர்.

விலகல் பிணைப்பின் சாயல் மிகுந்தவர் படிப்பதையே நிறுத்திவிடுகிறார். “எனக்கு ஒண்ணும் இல்ல, என்னைய விடுங்க” என்பது அவர் வழக்கமான பதில். அவருக்குத் தம் மனமும் தெரிவதில்லை. உடல்வலியும் தூக்கமின்மையும் மட்டுமே தெரிகின்றன. குடும்பத்தார் கவலைப்படுவதை அவர் தொந்தரவாக உணர்கிறார். வீட்டுத் தலைவராக இருந்து பழகிய ஆண்கள் பலர் இவ்வாறு மௌனமாகிவிடுவதால் நோய் வெளியே தெரியத் தாமதமாகிறது.

குழப்பப் பிணைப்பின் சாயல் உள்ளவர் இரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறார். காலையில் ஒருவரை முழுமையாக நம்பி, மாலையில் அவரையே பகைவராகக் காண்பதுண்டு. பாதுகாப்பான பிணைப்பு உள்ளவருக்கும் மனச்சோர்வு வரும்; அவரும் தவறாகப் படிப்பார். ஆனால் “கோவமா இருக்கியா?” என்று கேட்டுத் தெளிந்துகொள்ள அவருக்குச் சற்று எளிதாக இருக்கிறது.

வீட்டுக்குள் சுழலும் சுழற்சி

1976-இல் ஜேம்ஸ் காய்ன் என்னும் அமெரிக்க உளவியலாளர் ஒரு சுழற்சியை விளக்கினார். மனச்சோர்வு உள்ளவர், ‘நீங்கள் என்னை வெறுக்கவில்லையே?’ என்று மறுபடி மறுபடி கேட்கிறார். உறவினர் ‘இல்லை’ என்கிறார். நோயாளருக்கு நம்பிக்கை வரவில்லை, மீண்டும் கேட்கிறார். பத்தாம் முறை பதில் சொல்லும்போது உறவினரின் குரலில் களைப்பு ஏறுகிறது. நோயாளர் அக்களைப்பைச் சரியாகவே கண்டுகொள்கிறார். அதன் காரணத்தைத்தான் தவறாகப் படிக்கிறார். ‘நான் நினைத்தது உண்மை’ என்று முடிவுகட்டுகிறார். உறவினர் சற்று விலகுகிறார். தொடக்கத்தில் பொய்யாக இருந்த ஊகம் இவ்வாறு மெய்யாகத் தொடங்குகிறது.

உறவு விரிசல் மனச்சோர்வை வளர்க்கிறது. மனச்சோர்வு உறவு விரிசலை வளர்க்கிறது. எது முதலில் வந்தது என்று வழக்காடுவதால் பயனில்லை. சுழற்சியை எந்த இடத்தில் நிறுத்தினாலும் இருவருக்கும் நன்மை உண்டாகும்.

பெற்றோர் மீது பழி வேண்டா

இதைப் படிக்கும் சில பெற்றோர், ‘நான் சரியாக வளர்க்காததால்தான் என் பிள்ளைக்கு இந்நோய் வந்ததா?’ என்று வருந்தக்கூடும். அவ்வாறு எண்ண வேண்டா. மனச்சோர்வுக்குப் பரம்பரைக் கூறு, தைராய்டு போன்ற உடல்நோய்கள், மகப்பேறு, இழப்பு, கடன், தனிமை எனப் பல காரணங்கள் சேர்கின்றன. பிணைப்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. தாய் ஒருவரே பிணைப்புக்குப் பொறுப்பு என்பதும் சரியன்று. தந்தை, பாட்டி, அத்தை, ஆசிரியர் என நிலையாக உடனிருக்கும் எவரும் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாகலாம். சிறுவயதில் அமைந்த பிணைப்பு வாழ்நாள் முழுதும் மாறாமல் இருப்பதுமில்லை. நல்ல துணை, நல்ல நட்பு, நல்ல சிகிச்சை ஆகியவற்றால் பெரியவர்களும் பாதுகாப்பான பிணைப்பை அடைகிறார்கள்.

சிகிச்சை எவ்வாறு உதவுகிறது?

மனச்சோர்வுக்கான மருந்துகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் பலன் தரத் தொடங்குகின்றன. நலமடைந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது. மனம் தேறும்போது முகங்களும் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன. ‘போன மாசம் எல்லாரும் என்னை முறைச்ச மாதிரியே இருந்துச்சு, இப்ப அப்படி இல்ல’ என்று நோயாளர்கள் எங்களிடம் சொல்வதுண்டு.

உறவுகளை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளும் உள்ளன. அமெரிக்காவில் ஜெரால்ட் கிளர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் 1970-களில் உருவாக்கிய உறவுநிலை உளச்சிகிச்சை, பௌல்பியின் கருத்துகளையும் அடித்தளமாகக் கொண்டது. பிரிவுத் துயரம், உறவில் பிணக்கு, வாழ்க்கையில் வந்த மாற்றம், தனிமை ஆகிய நான்கினுள் எது நோயோடு தொடர்புடையது என்று கண்டு, சில மாதங்களில் அதைச் சீர்செய்ய அது முயல்கிறது. எய்ன்ஸ்வொர்த் தாய்-சேய் உறவைக் கவனித்த அதே உகாண்டாவில், 30 கிராமங்களில் நடந்த ஆய்வில் பாதிக் கிராமங்களில் இச்சிகிச்சை குழுவாக அளிக்கப்பட்டது. குழுக்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு நீடித்தவர்கள் சிகிச்சை பெற்ற கிராமங்களில் 6.5 விழுக்காடு, பெறாத கிராமங்களில் 54.7 விழுக்காடு.

மற்றொன்று, பீட்டர் ஃபோனகியும் ஆன்டனி பேட்மனும் உருவாக்கிய மனமறிதல் சார்ந்த சிகிச்சை. வேறொரு மனநலச் சிக்கலுக்காகத் தொடங்கிய இது, பின்னர் மனச்சோர்வுக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டது. அதில் நாம் வீட்டிலும் பின்பற்றத்தக்க ஒரு வழி உண்டு: மனம் ஓர் ஊகத்துக்குத் தாவும்போது நிறுத்துதல், நடந்ததை முதலிலிருந்து மெல்ல நினைத்துப் பார்த்தல், வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று தேடுதல்.

நோயாளர் செய்யக்கூடியவை

1. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: ‘மகள் மணி பார்த்தாள்’. மறுபக்கம் மனம் சொன்னதை எழுதுங்கள்: ‘நான் பாரம்’. இரண்டும் வேறு என்பதைக் கண் பார்க்கட்டும்.

2. அதே செயலுக்கு இன்னும் ஒரு காரணத்தையாவது எழுதுங்கள். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை, எழுதினாலே போதும்.

3. முடிந்தபோது கேட்டுவிடுங்கள்: “மணியப் பார்த்தியே, ஏதாவது அவசரமாம்மா?”

4. மனச்சோர்வில் பலருக்கு அதிகாலை நேரம் மிகக் கனமாக இருக்கும். உறவுகளைப் பற்றிய முடிவுகளை அந்நேரத்தில் எடுக்காதீர்கள்.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

1. உங்கள் மனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயாளரின் குறிப்பறியும் திறன் தளர்ந்திருக்கும் காலத்தில், குறிப்பால் உணர்த்துவது போதாது. “கவுன்டர மூடுறதுக்குள்ள மாத்திரை வாங்கணும்மா, அதான் மணியப் பார்க்கிறேன்” என்ற ஒரு வரி ஒரு நாளின் கண்ணீரைத் தடுக்கக்கூடும்.

2. “நீ தப்பா நினைக்கிற” என்று தொடங்காதீர்கள். முதலில் உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள்: “அப்படித் தோணினா கஷ்டமாத்தானே இருக்கும்.” பிறகு நடந்ததைச் சொல்லுங்கள்.

3. அளவுக்கு மீறிப் படிப்பவருக்கு, நூறு உறுதிமொழிகளைவிட நேரம் தவறாத ஒரு தொலைபேசி அழைப்பு மேலானது. செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

4. பேச மறுப்பவரிடம் எதிரே அமர்ந்து கேள்வி கேட்பதைவிட, பக்கத்தில் நடப்பது நல்லது. “வாங்கப்பா, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாம்” என்று அழையுங்கள். நடக்கும்போது சொல் தானே வரும்; வராவிட்டாலும் துணை இருந்ததாகும்.

5. களைத்த மனம் யாருடையதாக இருந்தாலும் தவறாகவே படிக்கும். ‘வேணும்னே படுத்துக் கிடக்கிறார்’ என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவும் ஓர் ஊகம்தான். உங்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதன் அறிகுறியாக அதைக் கொள்ளுங்கள். பொறுப்பை வீட்டிலுள்ள மற்றவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

தாமதிக்கக் கூடாத நேரம்

‘நான் பாரம்’ என்னும் எண்ணம், ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நல்லது’ என்று மாறினால், அதை வெறும் புலம்பலாக விட்டுவிடாதீர்கள். உறவைத் தவறாகப் படிப்பதன் மிக ஆபத்தான எல்லை அது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, கேட்டதே ஆறுதலாக இருக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றை எட்டாத இடத்துக்கு அகற்றுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ நாளின் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நாம் தொடக்கத்தில் கண்ட தாயும் மகளும் மருந்தோடு இந்தச் சிறு பயிற்சிகளையும் சில வாரங்கள் செய்தனர். அடுத்தடுத்த வருகைகளில் மாற்றம் மெல்லத் தெரிந்தது. ஒரு நாள் எங்கள் அறையில் மகள், “அம்மா, மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குக் கவுன்டர மூடிடுவாங்க” என்று வாய்விட்டே சொன்னார். தாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நீ போயி வரிசையில நில்லு. நான் டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துடறேன்” என்றார்.